வல்லை வெளியில் இறங்கியவர்கள்

ஆறு வருடமாக ஒரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய கதை ஒன்றும் இல்லை. வேற்றுக்கிரகத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து வல்லை வெளியில் இறங்குகிறது. எப்போது பார்த்தாலும் அமெரிக்காவுக்கே போகிறார்களே, ஒரு தடவை யாழ்ப்பாணத்துக்கும் வரட்டுமே என்ற எண்ணம்தான். வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் நடுவே கிடக்கிற அந்த வெளியைத் தெரிந்தவர்களுக்கு ஏன் அந்த இடம் என்று விளக்க வேண்டியதில்லை. நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது. பேய்க்கதைகள் மட்டும் தாராளமாக உண்டு. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து அதைக் கடந்த எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். என் முதல் வரைவில், வந்திறங்கியவர்களுக்கும் அந்தக் காற்றுதான் முதல் எதிரி.

அவர்களுக்குக் 'கணங்கள்' என்று பெயர் வைத்தேன். உடல்கள் ஆயிரக்கணக்கில், மனம் ஒன்று. ஒன்றின் கண்ணில் பட்டது அந்த நொடியே மற்ற எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். ஒன்றை வெட்டினால் மற்றவை அழுவதில்லை. நமக்கு நகம் வெட்டுவது போல அவ்வளவுதான். தனியாக ஆசை இல்லை, தனியாகப் பெயர் இல்லை. கணம் என்றால் கூட்டம், கணம் என்றால் நொடி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து விழுந்ததற்காக எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். நண்பன் ஒருவன் வாசித்துவிட்டு, "பூதகணமோ? அப்ப சிவபெருமான் எத்தனையாம் பக்கத்தில வாறார்?" என்று கேட்டான். பெயரை மாற்றவில்லை. ரோசம்தான்.

சிக்கல் தொடங்கியது பதினான்காம் பக்கத்தில். தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியில் இறால் பிடித்துவிட்டு இருட்டில் சைக்கிளில் திரும்புகிற ஒருவரைக் கணங்கள் சுற்றி வளைக்கின்றன. அத்தனை வாயும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. பேச வேண்டும். முதற்சொல் என்ன?

ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கு இந்த வில்லங்கம் இல்லை. அங்கே தன்மைப் பன்மைக்கு இருப்பது ஒரே சொல், போட்டுவிட்டுப் போய்விடலாம். தமிழில் இரண்டு இருக்கின்றன. 'நாங்கள்' என்றால் கேட்கிற நீ அதில் இல்லை. 'நாம்' என்றால் நீயும் உள்ளே. பள்ளிக்கூடத்தில் இதை இலக்கணமாகப் படித்தபோது இரண்டு மதிப்பெண்ணுக்குரிய கேள்வி என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது என் கணங்கள் வாயைத் திறந்தபடி நிற்கின்றன, எனக்குப் பேனா நகரவில்லை.

'நாங்கள் உன்னை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறோம்' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ அலுவலகத்திலிருந்து காணி அளக்க வந்தவர்கள் மாதிரி இருந்தது. 'நாம் வந்திருக்கிறோம்' என்று மாற்றினேன். கூத்து மேடையில் அரசன் கொலுவுக்கு வருகிற மாதிரி ஆகிவிட்டது. அரசர்கள் தனியே நின்றுகொண்டு 'நாம்' என்பார்கள் அல்லவா, அந்தத் தொனி. இன்னொரு காதில் கேட்டால் அது பக்கத்து வீட்டுக்காரன் தோளில் கைபோட்டு 'நாமெல்லாம் ஒன்றுதானே' என்று கடன் கேட்க வருவது போலவும் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, பல் துலக்கும்போது, விடை கிடைத்தது. முதலில் 'நாங்கள்' என்று பேச வேண்டும். அந்த மனிதரைத் தங்களுக்குள் இழுத்த பிறகு, அவர் வீட்டுக்குப் போய்ப் படலையில் நின்று மனைவியிடம் 'நாம்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லில் மனைவிக்கும் நமக்கும் எல்லாம் விளங்கிவிடும். இரத்தம் வேண்டாம், பச்சை வெளிச்சம் வேண்டாம். இப்படியொரு பயங்கரத்தைத் தமிழில் மட்டும்தான் எழுத முடியும் என்று அன்று முழுக்க மிதந்துகொண்டு திரிந்தேன்.

இந்த வகை எதிரிகளில் உலகம் முழுக்கத் தெரிந்தவர்கள் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் வருகிற 'போர்க்' (Borg) என்ற கூட்டத்தார். (பெயர் தமிழில் 'போர்' என்று தொடங்குவது தற்செயல்தான்.) 1989இல் முதன்முதலாகத் திரைக்கு வந்தார்கள். அப்போதும் அதற்குப் பிறகும் நான் அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. 1990க்குப் பிறகு பல வருடம் எங்களுக்கு மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பொடியன் நான். வேலைக்குக் கொழும்புக்குப் போன பிறகு, அறை நண்பனின் கணினியில், கண் எரிய எரியப் பார்த்துத் தீர்த்தேன்.

பாதி உடல், பாதி இயந்திரம். கனசதுரமான கப்பல். அதில் இருக்கிறவர்களை ட்ரோன் என்பார்கள். பெயர் இல்லை, எண்தான். பிடிபட்டவர்களைத் தங்களில் ஒருவராக மாற்றிவிடுவார்கள். 1990இல் எதிர்க்கப்பலின் தலைவனையே பிடித்துத் தங்கள் வாயாக்கிக்கொண்டார்கள். 1992இல் வந்த ஓர் அத்தியாயம் எனக்கு இன்னும் பிடிக்கும். கூட்டத்திலிருந்து பிரிந்துபோன ஓர் இளம் ட்ரோன், மனிதர்களோடு பழகிப் பழகி, தன்னை 'நான்' என்று சொல்லத் தொடங்குகிறான். முழுக் கதையும் ஒரு தன்மைப் பெயரில் தொங்குகிறது. நம் மொழியில் எடுத்திருந்தால் நடுவில் இன்னொரு படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

1996இல் வந்த திரைப்படத்தில் அவர்களுக்கு ஒரு ராணியைக் கொடுத்தார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதுவரை யாரிடம் கெஞ்சுவது, யாரைச் சுடுவது என்று தெரியாமல் இருந்ததுதான் அவர்களின் பலம். தலை ஒன்று முளைத்தவுடன் வெட்டுவதற்குக் கழுத்தும் முளைத்துவிட்டது. தேன்கூட்டில் ராணி இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், என் அருமையான 'நாம்' என்ன ஆனது என்று சொல்லிவிட வேண்டும். தங்கை வாசித்தாள். வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, நீங்கள் வீட்டில எப்பவாவது 'நாம்' எண்டு கதைச்சிருக்கிறீங்களோ?"

இல்லை. ஒருநாளும் இல்லை. எங்கள் வீட்டில் 'நாங்கள் போவம், வெளிக்கிடு' என்றுதான் சொல்வோம். 'நாங்கள் சாப்பிடுவம், வாங்கோ.' கேட்பவரைச் சேர்த்தாலும் நாங்கள், சேர்க்காவிட்டாலும் நாங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'நாம்' என்பது மேடைக்கும் வாழ்த்துமடலுக்கும் உரியது. 'நாம்' என்று சொல்லிக்கொண்டு படலையில் வந்து நின்றால், மனைவி அவரை வேற்றுக்கிரகவாசி என்று நினைக்க மாட்டாள். தேர்தலில் நிற்கப் போகிறார் என்று நினைப்பாள். அதோடு நிற்கவில்லை. ஒரே பிள்ளையாகப் பிறந்தவன்கூட எங்கள் ஊரில் 'எங்கட அம்மா' என்றுதான் சொல்வான். யார் அந்த 'எங்கள்'? எத்தனை பேர்? கூட்டுமனம் நம் இலக்கணத்துக்குள் எப்போதோ குடிவந்துவிட்டது.

கொஞ்ச நாள் சோர்ந்துபோய்க் கதையை மூடிவைத்தேன். பிறகுதான் உறைத்தது. மாறிப்போன மனிதர் வீட்டுக்கு வந்து, 'நாங்கள் போவம், வா' என்று நேற்றுச் சொன்னது போலவே இன்றும் சொன்னால்? அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பாள். இது முந்தியதைவிடப் பயங்கரம். திரும்பவும் எழுத உட்கார்ந்தேன்.

இதற்கிடையில் தேனீக்கள் வந்தன. சரியாகச் சொன்னால், அவற்றின் வீட்டுக்கு நாங்கள் போனோம்.

எங்கள் பழைய வீடு வலிகாமம் வடக்கில். 1990 ஜூனில் விட்டு ஓடியது. 2016இல் இராணுவம் அந்தப் பக்கத்தை விடுவித்தபோதுதான் திரும்பப் பார்த்தோம். ஓடு இல்லை, வளை இல்லை, கதவு நிலைகள் இல்லை. சாமியறையில் ஆலங்கன்று. முற்றம் முழுக்க நாயுண்ணிப் பற்றை. அம்மா நேரே குசினிக்குப் போனார். அங்கே புகைக்கூடு மட்டும் அசையாமல் நின்றது. அதன் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு வெடிப்பு, அதற்குள் போவதும் வருவதுமாகத் தேனீக்கள். நம் ஊரில் மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் கூடு வைக்கிற சின்னத் தேனீதான். காதை வைத்துக் கேட்டால் சுவர் முழுக்க இரைந்தது.

கொத்தனார் நெருப்பு வைத்து விரட்டலாம் என்றார். அம்மா விடவில்லை. "இருபத்தாறு வருசம் வீட்டில இருந்தது உதுகள்தானே" என்றார். புது வீட்டில் காஸ் அடுப்பு வந்துவிட்டது. புகைக்கூடு இன்றைக்கும் அவற்றுக்கே. வருடத்தில் ஒரு தடவையாவது கூட்டில் ஒரு பகுதி பிரிந்து போய் மாமரத்துக் கொப்பில் தொங்கும். அதைப் பார்க்கத் தொடங்கியதில்தான் என் கணங்களின் அடித்தளமே ஆட்டங்கண்டது.

கூட்டம் பிரிந்து கொப்பில் தொங்கும்போது அதற்கு வீடு இல்லை. புது வீடு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் நினைத்தது, ராணி முடிவெடுக்கும், மற்றவை பறக்கும் என்று. உண்மையில் ராணி அந்த விவகாரத்தில் தலையிடுவதே இல்லை. நடுவில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அனுபவப்பட்ட சில நூறு தேனீக்கள் நாலாபக்கமும் போய்ப் பொந்துகளைப் பார்த்துவிட்டு வந்து, கூட்டத்தின் மேலேயே ஆடிக் காட்டும். ஆட்டத்தின் திசையும் நீளமும்தான் முகவரி. இடம் நல்லதென்றால் அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்கு ஆள் சேர்க்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் மார்ட்டின் லிண்டவர் என்ற ஜெர்மானியர். போரில் காயப்பட்டுத் திரும்பி விஞ்ஞானம் படித்தவர். 1949இல் மியூனிக் நகரில் அப்படித் தொங்கிய ஒரு கூட்டத்தில் ஆடுகிற தேனீக்களைப் பார்த்தபோது, அவற்றின் உடம்பு அழுக்காக இருந்ததைக் கவனித்தார். சிலவற்றில் கரி, சிலவற்றில் செங்கல் தூசி. பூவுக்குப் போய் வந்தவை இப்படியா இருக்கும்? அவை குண்டுபட்டு இடிந்த நகரத்தின் புகைக்கூடுகளுக்குள்ளும் உடைந்த சுவர்களுக்குள்ளும் நுழைந்து வீடு பார்த்துவிட்டு வந்தவை. இந்த இடத்தை நான் வாசித்தது எங்கள் குசினித் திண்ணையில் இருந்துதான். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் சீலியும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னும் ஆழமாகப் போனார்கள். 2012இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. ஓர் இடத்துக்காக ஆடுகிற தேனீயிடம், வேறோர் இடத்தை ஆதரிக்கிற தேனீ போய்த் தலையால் முட்டும். முட்டும்போது 'பீப்' என்று ஒரு சின்னச் சத்தம். போதும், நிறுத்து என்று அர்த்தம். நிறைய முட்டு வாங்கினால் ஆட்டம் நின்றுவிடும். இப்படி ஆடியும் முட்டியும் சில மணித்தியாலங்கள், சிலவேளை நாள்கணக்கில் இழுபட்டு, கடைசியில் ஓரிடத்தில் போதிய ஆட்கள் சேர்ந்தவுடன் எல்லாம் கிளம்பிவிடும்.

இதுவா ஒற்றை மனம்? இது எங்கள் ஊர்க் கோயில் பொதுக்கூட்டம். அங்கே முட்டுகிறபோது 'பீப்' என்று மட்டும் சொல்வதில்லை, அதுதான் வித்தியாசம்.

உண்மையான கூட்டுமனத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கலாம். போன வருடம் சுன்னாகச் சந்தையடியில் சைக்கிள் சறுக்கி விழுந்தேன். முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழும்புவதற்குள் டொரொன்டோவிலிருந்து மாமி அழைத்தார். "விழுந்திட்டியாம், எலும்பு கிலும்பு முறிஞ்சதோ?" அங்கே அப்போது விடியற்காலை. கணங்கள்கூட அந்த வேகத்துக்கு வராது.

அடுத்த அடி 'ட்ரோன்' என்ற சொல்லில் விழுந்தது. ஆங்கிலத்தில் அது ஆண் தேனீயின் பெயர். ஆண் தேனீக்குக் கொடுக்குக் கிடையாது. தேன் சேர்க்காது, கூடு கட்டாது, காவல் நிற்காது. பெரிய கண்களை வைத்துக்கொண்டு ராணியைத் தேடிப் பறப்பதுதான் அதன் ஒரே தொழில். கூடினால் அந்த இடத்திலேயே சாவு. பஞ்சம் வந்தால் மற்றவை அதைக் கூட்டுக்கு வெளியே இழுத்துத் தள்ளிவிடும். கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அதற்குத் தகப்பனும் இல்லை, ஆனால் தாயின் தகப்பன் உண்டு. கொட்டுவதும் உழைப்பதும் சண்டைபோடுவதும் பெண்கள். அப்படியிருக்க, விஞ்ஞானக் கதைகளில் பூமியைப் பிடிக்க வருகிற படைக்கு இந்தச் சோம்பேறியின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று சிரிப்புத்தான் வந்தது.

இயந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்த வழியும் சுவையானது. 1935இல் பிரித்தானியர் ஆளில்லாமல் வானொலி அலையால் ஓட்டக்கூடிய ஒரு விமானத்தைச் செய்தார்கள். பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு அது. பெயர் 'குயீன் பீ', அதாவது ராணித் தேனீ. அதைப் பார்த்து அமெரிக்கக் கடற்படையினர் தாங்கள் செய்ததற்கு 'ட்ரோன்' என்று வைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கதை. ராணியைத் துரத்திப் பறப்பது ஆண் தேனீதானே.

ஆங்கிலத்தில் தேனீயாகப் போனது வன்னியில் வண்டாக வந்தது. போர்க்காலத்தில் ஆளில்லா வேவு விமானத்துக்கு அங்கே சனம் வைத்த பெயர் அதுதான். யாரும் கூட்டம் கூடி வைத்த பெயர் இல்லை. சத்தத்தைக் கேட்டவர்கள் வைத்தது. வண்டு சுற்றினால் அதன் பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானமோ ஷெல்லோ வரும் என்பது கணக்கு. அந்த வருடங்களில் நான் கொழும்பில் இருந்தேன். எனக்கு இது கேள்விஞானம்.

இரண்டு வருடத்துக்கு முன் மச்சானின் மகளுக்குக் கல்யாணம். கிளிநொச்சியிலிருந்து சின்னம்மா வந்திருந்தார். தாலி கட்டி முடிந்து மண்டபத்து வளவில் படமெடுக்கும்போது, வீடியோக்காரப் பொடியன் ட்ரோன் ஒன்றைக் கிளப்பினான். பிள்ளைகள் கைகாட்டிக் கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள். எல்லாரும் அண்ணாந்து சிரித்தபடி நின்றோம். சின்னம்மா மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் போனேன்.

"உது எப்ப போகும், தம்பி?"

"பற்றரி முடிய இறங்கிவிடும், சின்னம்மா. அரை மணித்தியாலம்கூட நிற்காது."

"ஓ, பற்றரியோ" என்றார்.

அன்று இரவு எங்கள் வீட்டில்தான் தங்கினார். அடுத்த நாள் மத்தியானம் அவர் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருக்க, என்ன துணிச்சலோ தெரியவில்லை, கதையை வாசித்துக் காட்டினேன். பதினான்காம் பக்கத்தில் நன்றாகக் குரலை ஏற்றி இறக்கினேன். அத்தனை வருட உழைப்பு அந்தப் பக்கங்களில் இருந்தது. கணங்கள் அந்த மனிதரிடம் பதினொரு பக்கம் பேசும். தாங்கள் யார், எங்கிருந்து வந்தோம், ஏன் தனிமை ஒரு நோய், சேர்ந்தால் என்ன சுகம். தேனீக்களின் வாக்குவாதத்தையும் உள்ளே நுழைத்திருந்தேன். 'நாங்கள்' என்ற சொல்லை மட்டும் எத்தனை தினுசில் திருப்பிப் போட்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சின்னம்மா இலை ஆய்வதை நிறுத்தாமல் கேட்டார்.

"உதுகள் ஏன் இவ்வளவு கதைக்குதுகள்?"

நான் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் காத்திருந்து, நான் முடித்த பிறகு சொன்னார்.

"வண்டு ஒருநாளும் கதைக்கேல்லை, தம்பி. மேல நிண்டு பாத்துக்கொண்டிருக்கும். கீழ பங்கருக்க இருந்து நாங்கள்தான் ரகசியமாக் கதைப்பம். அதுக்குக் கேட்டிடும் எண்ட மாதிரி."

அந்த 'நாங்கள்' என்னையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் இலையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பதினொரு பக்கத்தையும் அன்றிரவே வெட்டினேன். வருத்தம் இல்லாமல் இல்லை, ஆனால் வெட்டும்போது கை தயங்கவில்லை. இப்போது கணங்கள் வாய் திறப்பதே இல்லை. அவை வல்லை வெளிக்கு மேலே, காற்றுக்கு அசையாமல் நிற்கின்றன. அந்த மனிதர் இறால் பையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு கீழே நடக்கிறார். ஓடவும் இல்லை, அண்ணாந்து பார்க்கவும் இல்லை. வீட்டுப் படலையைத் திறக்கிறார். மனைவி உள்ளேயிருந்து, "என்னப்பா, இவ்வளவு நேரம்?" என்று சத்தமாகக் கேட்கிறாள்.

"மெதுவாக் கதை" என்கிறார்.